மைக் இல்லாத மாதம்

1

இந்தக் கதை ஒரு துணிப்பையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை ஒரு பாடகர் வாசலில் வந்து நின்று அந்தப் பையை என்னிடம் நீட்டினார். "சாரிக்கா, ஒரு மாசம் வச்சுக்கிட்டேன். அண்ணன்கிட்ட குடுத்துடுங்க" என்றார். உள்ளே எங்கள் வீட்டு மைக். வீட்டில் அது ஒன்றுதான்.

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். ஒரு மாதமாக மைக் வீட்டிலேயே இல்லை என்றால், இத்தனை நாள் நான் எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் குழப்பம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பழைய இரும்புப் பெட்டி ஒன்றை அவன் சுமந்துகொண்டு வந்த அன்று நல்ல மழை..."

மழையெல்லாம் பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

"அவள் பொறுமைசாலி. எதையும்..."

இது மழையைவிடப் பெரிய பொய்.

உள்ளபடியே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் மற்றவர்கள் பாடியதைக் கலந்து, மெருகேற்றிக் கொடுப்பவர். படுக்கையறையை ஒட்டிய சின்ன அறைதான் ஸ்டூடியோ. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், சுவரில் அடித்த பழைய மெத்தை. எல்லா வேலையையும் கம்ப்யூட்டரே முடித்துக் கொடுத்தது. இவருக்குத்தான் திருப்தி இல்லை. "சத்தம் ரொம்ப சுத்தமா இருக்கு, ஆஸ்பத்திரி மாதிரி" என்று புலம்பிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் பழைய கம்ப்ரஸர் ஒன்றை வாங்கி வந்தார். கத்துகிற குரலை அடக்கி, முனகுகிற குரலைத் தூக்கிவிடும் பெட்டி.* முகப்பில் கண்ணாடிக்குள் ஒரு முள், பாட்டுக்குத் தகுந்தபடி ஆடும்.

* மனிதர்களுக்கும் இப்படி ஒன்று கிடைத்தால் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு நானே வாங்கிக் கொடுப்பேன்.

3

[இது கொஞ்சம் தொழில் சமாச்சாரம். தாண்டிப் போய்விடாதீர்கள், கதை இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.]

கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஒரு வயர் வழியாக வெளியே போகும். பெட்டிக்குள் நுழைந்து, இன்னொரு வயரில் கம்ப்யூட்டருக்கே திரும்பி வரும். திரும்பி வருவதைக் கம்ப்யூட்டர் புதிதாகப் பதிவு செய்யும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கருவி என்றால் முழுப் பாட்டையும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். பெட்டியிடம் அந்த அவசரம் பலிக்காது. பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஓடியே ஆக வேண்டும்.

அது ஓடும்போது இவர் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். பேசக் கூடாது என்று அர்த்தம். பாடகர்களை இங்கே உட்காரவைத்துப் பதிவுசெய்த நாளிலிருந்து வீட்டில் இருக்கும் சட்டம் இது. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பேன். பல் செட் செய்யும் லேபில் எனக்கு வேலை. பகலெல்லாம் ஊரார் வாய், சாயங்காலம் என் வாய்க்குப் பூட்டு.

மூலையில் மைக் ஸ்டாண்ட், கறுப்பு உறை போர்த்தி நிற்கும். உள்ளே மைக் இருப்பதாக நினைத்திருந்தேன். இருந்தாலும்தான் என்ன? வயரில் போய் வயரில் வருகிற பாட்டுக்குள் என் பேச்சு எப்படிப் புகும்? பையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

4

இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று நீங்கள் கேட்பீர்கள்.

எங்கள் லேப் வேறு ஊரில் கிளை திறக்கிறது. அதை நடத்த என்னைக் கூப்பிடுகிறார்கள். போவதா வேண்டாமா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம் விரல் எழுந்தது. பாட்டு முடிந்ததும், "என்ன சொல்ல வந்த?" என்பார்.

"பால் தீந்துபோச்சு" என்பேன்.

விரலைப் பார்க்கும்போது கோபம் வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அது ஏன் என்று இந்த வரியை எழுதும்போதும் தெரியவில்லை.

5

இந்தக் கணவன் பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. மைக்கை இரவல் கொடுத்தவரே இவர்தான். அப்படியென்றால் தெரிந்தே விரலைத் தூக்கினாரா? பழக்க தோஷமாக இருக்கலாம். "இந்தப் பெட்டி ரொம்ப சென்சிட்டிவ், பக்கத்துல பேசாத" என்று ஒரு முறை சொன்ன ஞாபகம், நிஜமாகவே அப்படி நம்பியிருக்கலாம். அல்லது என் பேச்சே

[இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.]

இன்னொன்றும் உண்டு. பெட்டி வந்த வாரம்தான் அந்த ஸ்டூலும் வந்தது. எனக்காக வாங்கினார். இதை எழுதும்வரை எனக்கு அது வெறும் ஸ்டூல்.

தங்கைக்குப் போன் செய்தேன்.

"நேரா கேக்க வேண்டியதுதானேக்கா? கதை எழுதிக்கிட்டு உக்காந்திருக்க!"

"கேட்டா உண்மையைச் சொல்வாரா?"

"அப்ப பாட்டு ஓடும்போதே பேசு. நிறுத்துறாரா பாரு. நிறுத்தினா, பேச்சு பாட்டுல ஏறாதுன்னு அவருக்குத் தெரியாது. நிறுத்தலைனா எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணியிருக்கார்."

என் தங்கை கதை எழுதுவதில்லை. அதனால்தான் அவளுக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது.

6

முடிவு ஒன்று: நான் பேசுகிறேன், பதறிப்போய் நிறுத்துகிறார். அப்பாவி மனுஷன். இரண்டு பேரும் சிரிக்கிறோம், புது ஊரில் வீடு தேடுகிறோம்.

முடிவு இரண்டு: பேசுகிறேன், அவர் அசையவில்லை. நான் மட்டும் பெட்டி கட்டுகிறேன்.

இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு இன்று சாயங்காலம் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

7

இன்றைய பாட்டில் கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். முள் இடது மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த இடம் வந்ததும் சொன்னேன்:

"எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. நாளைக்குப் பதில் சொல்லணும்."

இவர் கை கீபோர்டுக்குப் போனது. நிறுத்தும் பட்டன் மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

முள் படுத்தபடியே கிடந்தது. என் பேச்சுக்கு அது இம்மியும் அசையவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

சரணம் தொடங்கியது, முள் எழுந்தது. விரலைத் தூக்கியிருந்த இன்னொரு கையை மெதுவாக மடியில் இறக்கினார்.

"மைக் வந்துடுச்சா?" என்றார்.

"சனிக்கிழமையே வந்துடுச்சு."

தலையாட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

நான் ஆள்காட்டி விரலைத் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்று கேட்காதீர்கள். மைக் அலமாரியில் இருக்கிறது, அந்தத் துணிப்பையிலிருந்துகூட எடுக்கவில்லை. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

இதையெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறாயே, அதற்குள் பாட்டு முடிந்திருக்குமே என்பீர்கள். கதையில் முடியவில்லை. இன்னும் பாதிச் சரணம் இருக்கிறது, விரல் தூக்கியபடியே இருக்கிறது. அதை இறக்கியதும் இவர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இப்போது சொல்லிவிடாதீர்கள். பாட்டு முடியட்டும்.