ஒரு வேன் லோடு அல்போன்சு

1984-இல் பாலக்கோட்டுக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரில், மிக்கேலம்மாள் வீட்டு வாசலில் ஒரு லாரி லோடு சாக்குப்போக்கு இறங்கியது. கர்நாடகா நம்பர் போட்ட லாரி. மூட்டைகளெல்லாம் தக்காளி மண்டியில் கிடக்கும் சாதாரணக் கோணிச் சாக்குகள்தான், வாயும் ஒழுங்காகத் தைத்திருந்தது. இறக்கிய டிரைவர், திருப்பி எடுத்துப்போக ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அதற்கு முந்தைய நாள்தான் மிக்கேலம்மாள் தன் புருசனைப் பார்த்து, “ஒரு ஓடு மாத்தச் சொன்னா லாரி லோடு சாக்குப்போக்கு வச்சிருக்கியேய்யா!” என்று கத்தியிருந்தாள்.

புருசன் அல்போன்சுக்கு மண்டியில் லாரிகளுக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கும் வேலை. லோடு என்ற வார்த்தை அந்த வீட்டுக்குள் வந்ததே அவனால்தான். அதற்கு முன்னால் மிக்கேலம்மாளும் ஊரில் எல்லோரையும் போல வண்டி வண்டியாகப் பொய் சொல்கிறான் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள். அப்படித் திட்டி ஒரு மாட்டுவண்டிகூட வந்ததில்லை. டன் கணக்கில் என்று சொன்னதற்கும் ஒன்றும் வரவில்லை. வண்டியின் பெயரைச் சொல்லி, லோடு என்று இங்கிலீசில் முடித்தால்தான் வந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியிருக்க வேண்டும்.

அல்போன்சு ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே உமி மாதிரி எடையில்லாமல் ஏதோ இருந்தது, தொட்டால் வெதுவெதுப்பு. அதில் கையை விட்டவர்களுக்கு, எந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டுமோ அதற்கான காரணம் நாக்கில் தயாராக வந்து நின்றது. ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப் போனார்கள். அந்த வருடம் வாய்க்கால் தூர் வாரவில்லை, கோவில் கொடிமரத்துக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை, பேசி முடித்த கல்யாணம் ஒன்றுகூடத் தை மாதத்தில் நடக்கவில்லை. அல்போன்சுக்கோ முன்பு யோசித்துச் சொல்லவேண்டியிருந்ததை இப்போது யோசிக்காமல் சொல்ல முடிந்தது. ஓட்டில் ஏற ஏணி சரியில்லை, ஏணி சரியானால் காற்று சரியில்லை, காற்று நின்றால் கால் வலி. மழைக்கு ஒழுகும் இடத்தில் மிக்கேலம்மாள் குண்டான் வைத்தாள், பிறகு அண்டா வைத்தாள்.

மறு வருடம் தவக்காலத்தில் அல்போன்சின் தம்பி முறைக்காரர்கள் சிலர் வந்து சாப்பிட்டுவிட்டு, ஓட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். “பஸ் லோடு சொந்தம் இருந்து என்ன புண்ணியம்?” என்றாள் மிக்கேலம்மாள். மறுநாள் காலை, பஸ்ஸே வராத அந்தத் தெருவுக்குள் ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களை யாருக்கும் தெரியவில்லை, ஆனால் அத்தனை பேருக்கும் அல்போன்சின் மூக்கு. கோலார் பக்கம் என்றார்கள், பாதிப் பேர் கன்னடத்தில் பேசினார்கள். மூன்று வாரம் களி தின்றார்கள். கிளம்பும்போது மிக்கேலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஓட்டில் மட்டும் ஒருவரும் ஏறவில்லை.

அதன் பிறகு அவள் வாயை அடக்கிக்கொண்டாள். கோபம் வந்தால் படி, வல்லம், மூட்டை என்ற அளவுகளோடு நிறுத்திக்கொண்டாள். கோடையில் கிணறுகள் வற்றியபோது பக்கத்துத் தோட்டத்துச் சென்றாயன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். “அக்கா, ஒரு டேங்கர் லோடு தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊரே உங்களக் கும்புடும்.” அவள் சொன்னாள். வரவில்லை. உரக்கச் சொன்னாள். அப்போதும் வரவில்லை. எரிச்சல் வரட்டும் என்று சென்றாயன் தன் ஆடுகளை அவளுடைய அவரைப் பந்தலில் ஓட்டிவிட்டான். அவளோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் அவன் பட்டியிலேயே கட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். இத்தனை வருடத்தில் அவளுக்கு எரிச்சல் மூட்டத் தெரிந்த ஆள் ஒருவன்தான்.

1987 ஐப்பசியில் மகள் ஞானமேரி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். விடாமல் மழை. வீட்டில் நனையாத இடம் ஒரு கட்டில் அகலம்கூட இல்லை. நிறைமாதக்காரி கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள், சொட்டும் பின்னாலேயே போயிற்று. இரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அல்போன்சு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, “வெள்ளிக்கெழம ஓட்டுல ஏறக்கூடாதும்பாங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றான். மிக்கேலம்மாள் மகளின் நெற்றியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஒரு வேன் லோடு அல்போன்சு வந்தாலும் இந்த ஓட்டுல ஒருத்தன் ஏறமாட்டான்!” சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

உச்சிப்பொழுதுக்குள் வேன் வந்துவிட்டது. இறங்கியவர்கள் எல்லோரும் அல்போன்சு. அதே கட்டம் போட்ட லுங்கி, காதுக்குப் பின்னால் அதே பீடி. வீட்டில் இருந்த அல்போன்சு வேடிக்கை பார்க்க அவர்கள் நடுவே போய் நின்றான், அதோடு எவன் எவனென்று தெரியாமல் போய்விட்டது. மிக்கேலம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்கள் முன்னால் வந்தாள்.

“ஞானமேரி எந்தக் கெழமை பொறந்தா?”

“அன்னைக்கு மண்டியில லோடு இருந்துச்சு, நான் வூட்ல இல்ல” என்றார்கள் அத்தனை பேரும்.

அவள் ஓட்டைக் காட்டினாள். “சரி, எவன் ஓட்டுல ஏறுவான்?”

ஒரே நேரத்தில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். கால், ஏணி, காற்று, வெள்ளிக்கிழமை. சந்தை போல இரைச்சல். பின்வரிசையில் நின்ற ஒருவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: “ஏணி எங்க?”

தூறலிலேயே ஏறினான். மற்றவர்கள் மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி, அவள் போட்டுக் கொடுத்த, பாலில்லாத வறக்காப்பியைக் குடித்துக்கொண்டு, அவன் எப்படிச் செய்திருக்கவேண்டும் என்று பேசினார்கள். பொழுது சாய்வதற்குள் உடைந்த ஓடுகளை மாற்றி, ஓட்டைத் தாங்கும் கைமரங்களில் இற்றுப்போன ஒன்றையும் எடுத்துவிட்டு வேறு வைத்தான். உள்ளே சொட்டு நின்றது. வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். நிறையக் கொண்டுவந்தது நிறையத்தான் போகவேண்டும், யார் என்பது தனக்குக் கணக்கில்லை என்றான். கொட்டகையில் இருந்தவர்கள் ஏறிக்கொண்டார்கள், வேன் சரியாக நிறைந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த ஒருவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் போல இருந்தது. அவளும் ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் ஞானமேரி உள்ளேயிருந்து “அம்மா” என்று கூப்பிட்டாள். மிக்கேலம்மாள் வேன் பக்கமும் வீட்டுப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

காய்ச்சல் இறங்கியது. அந்த வாரமே பெண் குழந்தை, காய்ந்த அறையில் பிறந்தது. ஞானஸ்நானத்தன்று தாத்தா இடது கையால் சிலுவை போட்டதைப் பங்குச் சாமியார் பார்த்தார், மேலே செபத்தைத் தொடர்ந்தார். சென்றாயன்தான் மனசு கேட்காமல், “அக்கா, நம்ம அல்போன்சுக்கு வலது கைதானுங்களே?” என்றான்.

“மழையில ஏறினது இந்தக் கைதான்” என்றாள் அவள்.

அவளுக்கு எரிச்சல் தீர்ந்ததா என்றால், இல்லை. இந்த அல்போன்சை ஓட்டிலிருந்து இறக்க முடியவில்லை. தன் வீட்டு ஓட்டை முடித்துவிட்டுச் சென்றாயன் வீட்டு ஓட்டில் ஏறினான், பிறகு பால் சங்கக் கட்டடம், பிறகு கோவில். நன்றாக இருக்கிற ஓட்டையும் எடுத்துத் தட்டிப் பார்த்து வைத்தான். மத்தியானம் தோறும் மிக்கேலம்மாள் யாராவது ஒருவர் வீட்டுக்குக் கீழே, இடுப்பில் பேத்தியை வைத்துக்கொண்டு, அண்ணாந்து நின்று கத்தினாள்: “எறங்கி வாய்யா, களி ஆறுது!” தெருவில் போகிறவர்கள் அவளுக்கு வழிவிட்டுப் போனார்கள்.