அவசரக்காவின் கார்டு

பேப்பர்காரர் என் சம்பளப் பேஸ்லிப்புகளை மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை. கெட்ட செய்தி சொல்லப்போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் எதையாவது துடைப்பார்கள்.

செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறையில் உட்கார்ந்து விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது அவர் தொழில். எங்கள் சலவைக்கூடத்தில் பாதிப்பேர் குடும்பம் அவர் கைவழியாக வந்ததுதான்.

“புருஷன கூப்பிடணும்னா ஆறு மாசம் தொடர்ச்சியா சம்பளம் இந்த ஊர் சர்க்கார் போட்ட கோட்டுக்கு மேல இருக்கணும்மா. நடுவுல ரெண்டு மாசம் கீழ விழுது பாருங்க.”

“பாங்க்ல பணம் இருக்கே சார். அந்த ரெண்டு மாசமும் நானே போய் கட்டியிருக்கேன்.”

“அதுதான் பெரிய வம்பு. பேஸ்லிப்ல இல்லாத பணம் கைக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?”

உழைத்துச் சம்பாதித்தேன் என்று சொல்லலாம். அது சத்தியம். ஆனால் வேறொருத்தியின் பெயரில் நின்று உழைத்தேன் என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது? பேஸ்லிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

“அந்த ரெண்டு மாசமும் கணக்குலேருந்து வெளிய போகணும். இன்னும் நாலு மாசம் கோட்டுக்கு மேலயே சம்பாதிச்சுட்டு வாங்க. ஒரு மாசம் கீழ போனாலும் மறுபடி மொதல்லேருந்துதான்” என்றார் பேப்பர்காரர்.

அந்த வேறொருத்தி அவசரக்கா. எதற்கெடுத்தாலும் “அவசரம், அவசரம்” என்று பறப்பாள் என்பதால் நாங்கள் வைத்த பெயர். ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளை நானும் அவளும்தான் ஜோடியாக மடிப்போம். சுடச்சுட இஸ்திரி உருளையிலிருந்து வெளியே வரும் விரிப்பின் இரண்டு முனையை அவள் பிடிப்பாள், இரண்டு முனையை நான் பிடிப்பேன். மூன்று வருஷமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து நிற்கிறோம். புருஷன் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போட்ட லீவு முடிந்ததும் ஓடி வந்தவள்தானே நான்.

அவள் தன் புருஷனுக்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரத்தில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. படுத்துவிட்டால் சம்பளம் இல்லை, சம்பளம் இறங்கினால் விசா இல்லை. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “கார்டக் குடுங்கக்கா” என்று நான்தான் கை நீட்டினேன்.

எங்கள் இடத்தில் அது புதிதும் இல்லை. ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தி அவள் வருகைக் கார்டை மெஷினில் அடித்துவிட்டு நிற்பாள். தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி. யார் யார் என்று மெஷினுக்கா தெரியும்? மேற்பார்வையாளர் மீசைக்குத் தெரியும். (மீசை கிடையாது, அதனால்தான் மீசை.) மடித்த எண்ணிக்கை குறையாதவரை அவர் கண்டும் காணாமல் இருப்பார். எங்கள் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் விழுந்த நாள்களில் அவள் கார்டை அடித்தேன். என் கார்டு தட்டியில் சும்மா தொங்கியது, எனக்கு லீவு என்று எழுதிக்கொண்டார்கள். சம்பளம் அவள் கணக்கில் விழும். ஒரு காசு குறையாமல் என் கையில் கொண்டுவந்து கொடுப்பாள்.

எனக்கு அப்போது அவசரம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஊரில் ஒப்பந்த வேலை இன்னும் ஒரு வருஷம் இருந்தது. திடீரென்று அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது அண்ணன் வீட்டில் அண்ணி கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் “இன்னும் கெளம்பலியா?” என்று கேட்கிறார்கள் என்பதற்காகவே வாசல்பக்கம் வருவதில்லையாம்.

பேப்பர்காரர் அறையிலிருந்து நேராக அவசரக்கா வீட்டுக்குப் போனேன். மீசையிடம் உண்மையைச் சொல்லி, அந்த நாள்களில் நின்றது நான்தான் என்று ஒரு கடிதம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று எண்ணம். கதவைத் திறந்தது அவள் புருஷன். வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, இன்னும் இந்த ஊர்க் குளிருக்குப் பழகாமல் வீட்டுக்குள்ளேயே சால்வை போர்த்தியிருந்தார்.

“வா தங்கச்சி, உன்னப் பத்தித்தான் எந்நேரமும் பேச்சு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீயும் அவரே போட்டார். நல்ல மனுஷன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஆபரேஷன் பண்ண ஒடம்போட ஒரு நாள் விடாம நின்னு என்னக் கூப்பிட்டிருக்கா. பேஸ்லிப்பெல்லாம் எடுத்துப் பாத்தேன். அழுகையே வந்துருச்சு தங்கச்சி. இவள இனி ஒரு சுடுசொல் சொன்னா என் நாக்கு அழுகிடும்.”

சமையலறை வாசலில் அவசரக்கா கரண்டியும் கையுமாக நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். ‘நின்னது நான்யா!’ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. டீ நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

மாடிப்படியில் பின்னாலேயே ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“நாளைக்கே மீசைகிட்ட சொல்றேன்டி.”

“சொன்னா?”

“ரெண்டு பேரையும் வெளிய தள்ளுவான்.”

“அவர் விசா?”

பொய்க் கணக்கில் வாங்கிய விசாவை என்ன செய்வார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உதறிவிட வேண்டும்போல் ஆத்திரம். ஆனால் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு கையால் அடிவயிற்றைப் பிடித்திருந்தாள்.

“நாலு மாசம்தானே. நான் பாத்துக்கறேன், வாயத் தொறக்காதீங்க” என்றேன்.

அன்று போனில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்னத் தூக்கி அடுத்தவளுக்குத் தாரை வாத்துட்டியே” என்றார்.

“நாலே மாசங்க. சனி, ஞாயிறு ஓவர்டைம் பாத்தா கோட்டுக்கு மேல போயிடும்.”

“ம்… சரி, வர்றேன்.”

எல்லாரும் “வைக்கிறேன்” என்று போனை வைப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவர் மட்டும் “வர்றேன்” என்பார். விசா வருவதற்கு முன்பே வந்துகொண்டிருக்கிற மனுஷன் என்று நான் கிண்டல் செய்வேன். அன்று அதைக் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

முதல் மாதம் தாண்டியது. இரண்டாவது மாதம் தொடங்கி மூன்றாம் நாள், மீசை ஒரு புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தொப்பியும் துணியும் மாட்டியிருந்தாலும் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவசரக்காவின் புருஷன்.

“நீதான் நல்லா மடிப்பே. ஒரு மாசம் இவருக்குப் பழக்கி விடு” என்றார் மீசை.

பழக்கினேன். முனையை எங்கே பிடிப்பது, சூடு படாமல் எப்படி உதறுவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மாதக் கடைசி வாரம் ஷிஃப்ட் பலகையைப் பார்த்தால், மிச்சமிருந்த சனியிலும் ஞாயிறிலும் என் பெயர் இல்லை. என் இடத்தில் அவர் பெயர்.

“புது ஆளுக்கும் நேரம் குடுக்கணும்ல? நீ மாடா உழைக்கிறே, ரெண்டு நாள் தூங்கு” என்றார் மீசை. ஏதோ உபகாரம் செய்த மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

அந்த மாதம் கைவிட்டுப் போயிற்று. எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் கோட்டுக்குக் கீழேதான் வந்தது.

மறுநாள் விரிப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார். “உன் வீட்டுக்காரர் எப்பம்மா வர்றார்?”

அவ்வளவுதான். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

“எப்படி வருவாரு? நான் நின்ன நேரத்துல நீங்க வந்தீங்க. இப்ப நான் நிக்க வேண்டிய நேரத்துலயும் நீங்களே நிக்கறீங்க. அவர் எங்கேருந்து வருவாரு?”

“என்ன நேரம்?”

மெஷின் சத்தத்தில் மற்ற யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த மேசையில் துண்டு அடுக்கிக்கொண்டிருந்த அவசரக்காவுக்குக் கேட்டது. அவள் வந்து, துணியை வாயிலிருந்து இறக்கி, அவர் காதருகே சொன்னாள். நிதானமாக, முழுவதையும் சொன்னாள். அவள் அவசரமில்லாமல் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அவர் கையிலிருந்த முனைகள் நழுவித் தரையில் விழுந்தன. தரையில் பட்டதை மறுபடி துவைக்க வேண்டும். அவர் குனிந்து விரிப்பைச் சுருட்டி எடுத்துப்போய் அழுக்குக் கூடையில் போட்டார். அங்கிருந்து நேராக மீசையிடம் போனார்.

“எனக்கு இடுப்பு ஒத்துழைக்கல சார். சனி, ஞாயிறெல்லாம் இந்தத் தங்கச்சி பேர்லயே போட்டுடுங்க.”

“இந்த மாசக் கணக்கு மேலாபீசுக்குப் போயாச்சு. அடுத்த மாசத்துலேருந்து போடறேன்” என்றார் மீசை.

திரும்பி வந்து என் முன்னால் நின்றார். அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தார். நானும் பிடித்தேன். வேறு என்ன செய்வது? உருளை நிற்காமல் தள்ளிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். அடுத்த மாதத்திலிருந்து சனி, ஞாயிறு எல்லாம் எனக்கே என்று நல்ல சேதியை முதலில் சொன்னேன்.

“அப்ப நாலு மாசத்துல ரெண்டு முடிஞ்சுடுச்சா?” என்றார் ஆசையாக.

“இல்லங்க. இந்த மாசம் கீழ விழுந்துடுச்சு. மறுபடி ஆறு.”

அந்தப் பக்கம் அண்ணி யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. அவரைத்தானோ என்னவோ. எழுந்து போகும் சத்தம் இல்லை.

“அந்த அக்கா வீட்டுக்காரரு எப்படிப்பட்ட ஆளு?” என்று கேட்டார்.

“நல்லவருதாங்க. உங்க மாதிரியே.”

“ம்… சரி, வைக்கிறேன்” என்றார்.

“ஏங்க, வைக்காதீங்க” என்றேன். அதற்குள் வைத்துவிட்டார்.