கட் சொல்லாத ஷாட்

கேமராக்காரர் ‘கட்’ சொல்ல மறந்துபோனதால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் மனைவிக்கு வயது ஏறவில்லை. இதற்காக எங்கள் தெருவில் யாரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்க்கவில்லை. மருத்துவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த அம்மாள் மழைக்காலம் வரைகூடத் தாங்கமாட்டார் என்று சொன்னவர் அவர்தான்.

நடந்தது இவ்வளவுதான். கேமராக்காரர் தன் வீட்டு முன்னறையில் டிஜிட்டல் படமெடுக்கும் வகுப்பு நடத்திவந்தார். கேமராவைத் தொட்டே பார்க்காதவர்களும் வருவார்கள், ஃபிலிம் காலத்தில் ஊரையே படம்பிடித்துத் தள்ளிய ரீல்காரரைப் போலப் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் வருவார்கள். அன்று முதல் பாடம். மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்து, நாலு மணி வெயில் இடது கன்னத்தில் விழும்படி நாற்காலியை நகர்த்தினார். வெள்ளைத்தாளை முகத்தருகே பிடித்து நிறத்தைச் சரிசெய்தார், ஃபோகஸைக் கண்ணில் நிறுத்தினார், ‘ஆக்ஷன்’ என்றார். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து, “தண்ணி வழியுது, மோட்டாரை நிறுத்துங்க!” என்று ஒரு கூச்சல். மனுஷர் போட்டது போட்டபடி ஓடினார். திரும்பி வந்து கேமராவை அணைத்தார், எல்லோருக்கும் டீ வந்தது, அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

மறுநாளிலிருந்து அந்த நாலு மணி வெயில் அம்மாள் போகுமிடமெல்லாம் கூடவே போனது. சமையலறையில், கடைவீதியில், அடைமழையில்கூட இடது கன்னம் பளிச்சென்று இருந்தது. நோய் நின்ற இடத்திலேயே நின்றது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் ரீல்காரர். “கேமராவை ஆஃப் பண்ணா பதிவுதான்யா நிக்கும், ஷாட் நிக்காது. எங்க காலத்துல ரீலாவது தீந்துபோகும். உங்க டிஜிட்டலுக்குத் தீர்றதுன்னே ஒண்ணு கிடையாதே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு வார்த்தை வருவதற்குள் கேமராக்காரர் அவர் வாயைப் பொத்திவிட்டார்.

யார் சொன்னாலும் பலித்துவிடுமோ என்ற பயத்தில் தெருவே அந்தச் சொல்லைக் கைவிட்டது. கரண்ட் ‘போனது’. பிள்ளைகள் வகுப்புக்கு ‘மட்டம் போட்டார்கள்’. முடிதிருத்துபவர், “குறைக்கவா?” என்று கேட்டார். மாணவர்கள் ஷாட் முடிந்ததும் தொண்டையைக் கனைத்தார்கள். அவர்கள் எடுத்த குறும்படங்களில் காட்சிக்குக் காட்சி ஒரு கனைப்பு கேட்கும், எங்களுக்கு அது பழகியும்விட்டது. அடடா, அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. முன்னறை நிறைய ஆட்கள், வயர்களைத் தாண்டித் தாண்டி டீ கொண்டுவரும் அம்மாள், “லைட்டுக்கு ஏன்யா அலையறீங்க? என் பக்கத்துல வந்து நில்லுங்க” என்று அவர் செய்யும் கேலி. எத்தனையோ பேர் முகத்தை அந்த வெயிலில்தான் எடுத்தார்கள்.

அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவர்கள் மகள் வளர்ந்து, வேலைக்குப் போய், அம்மாவின் வயதைத் தொட்டு, அதைத் தாண்டியும் போனாள். மளிகைக்கடைக்காரர் மகளை அக்கா என்றும் தாயைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாள் சிரிக்கவில்லை. நோய் முற்றாதது போலவே வலியும் குறையவில்லை. அந்த ஞாயிறு எவ்வளவு வலித்ததோ, தினமும் அவ்வளவு வலித்தது.

ஒரு வகுப்பின் நடுவே அவர் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

“ஏங்க, போதும். கட் சொல்லுங்க.”

அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆக்ஷன் சொன்னவர்தான் அதையும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

“என்ன வேணா கேளும்மா, அதை மட்டும் கேக்காதே,” என்றார் கேமராக்காரர்.

“எனக்கு வலிக்குதுங்க.”

அத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் இப்படிச் சொன்னதே இல்லை. கேமராக்காரர் மகளைப் பார்த்தார். மகள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவர் மனைவிக்கு எதிரே போய் நின்று, “கட்” என்றார். குரல் வெளியே வந்ததா என்றே எங்களுக்குச் சந்தேகம்.

கன்னத்திலிருந்த வெயில் மெல்ல இறங்கி, தோள், கை, மடி என்று நகர்ந்து தரைக்கு வந்தது. அம்மாள் நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் வலி இல்லை.

“ஓகேவா, ஒன் மோரா?” என்று கேட்டார்.

ஒன் மோர் கேட்க கேமராக்காரருக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டார்.

“ஓகேம்மா. நல்லா வந்திருக்கு.”

அம்மாள் சிரித்தபடியே கண்ணை மூடினார். அறை இருட்டிவிட்டிருந்ததால் யாரோ எழுந்து போய் விளக்கைப் போட்டார்கள்.