நூருக்கு வந்த ஒட்டகம்

3

அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நான்கு முறை முயன்றுவிட்டேன். என் கதை இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஒலிவியா என்ற பெண் அதைப் படித்து, படமும் வரைந்துவிட்டாள். நாளை மதியம் மூன்றரை மணி வீடியோ காலில் அதை எங்கள் வகுப்பு முழுக்கக் காட்டப் போகிறாள். ஷபானா வகுப்பில் இருப்பாள். காசிம் வீட்டிலிருந்து சேர்ந்துகொள்வான். பார்த்த பிறகு என் நண்பர்கள் இரண்டு பேரும் என்னோடு பேசுவார்களா?

(பயத்தில் மூன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். பின்னால் போகிறேன்.)

1

என் பெயர் ஸ்ரீரஞ்சனி. அப்பா ராணுவத்தில், அதனால் வீடு வெளிமாநிலத்தில், வானவடியில். எங்கள் பள்ளியும் இங்கிலாந்தில் ஒரு பள்ளியும் 'பக்கத்து வீட்டுப் பண்டிகை' பற்றிக் கதைகள் பரிமாறிக்கொள்கின்றன. நான் பெருநாளைப் பற்றி எழுதினேன். அதற்காக நூர் என்று ஒரு பெண்ணைச் செய்தேன். எப்படிச் செய்தேன் என்றால்—

(இந்த வாக்கியத்தை மூன்று முறை அழித்தேன்.)

ஷபானாவில் பாதி, காசிமில் பாதி. ஷபானா மேலப்பாளையத்துக் குடும்பம். நோன்புக் கஞ்சியும், மொட்டை மாடியில் பிறை தேடுவதும் அவளிடமிருந்து எடுத்தது. காசிம் போரா முஸ்லிம். பெரிய வட்டத் தட்டைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து, ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்துச் சாப்பாட்டைத் தொடங்குவது அவன் வீட்டில் பார்த்தது. காசிமின் அம்மா போடும் கிளிப்பச்சை ரிதாவைக்கூட விடவில்லை, அந்த லேஸ் வைத்த அங்கியை அப்படியே நூருக்கு மாட்டிவிட்டேன்.*

* நூரின் கதை ஆங்கிலத்தில். இப்போது எழுதும் இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஷபானாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. காசிமுக்கு இரண்டும் வராது. ஒளிந்துகொள்ள வசதியான மொழி.

2

கதையின் கடைசி வரிகள் இவை: 'நூர் மொட்டை மாடியிலிருந்து "பிறை!" என்று கத்தினாள். மறுநாள் எட்டுப் பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.'

அனுப்பியபோது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு அழகாக எழுதிவிட்டதாக நினைப்பு.

இன்று சாயங்காலம் காசிமுக்குப் போன் செய்து, "பிறை தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். (அவன் பேசுவது ஹிந்தி. எனக்குத் தெரிந்த தமிழில் போடுகிறேன்.)

"நாங்க எதுக்குப் பாக்கணும்? எங்க காலண்டர் முன்னாடியே போட்டது. அடுத்த வருஷ ஈத்கூட இப்பவே சொல்லுவேன். நாளைக்கு எனக்கு ஈத், ஸ்கூலுக்கு வரமாட்டேன்."

உடனே ஷபானாவுக்கு அடித்தேன்.

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு இருபத்தொன்பதாவது நோன்பு. சாயங்காலம் பிறை தெரிஞ்சா மறுநாள் பெருநாள். தெரியலேன்னா அதுக்கும் மறுநாள்."

போன வருஷமும் காசிம் முன்னாலேயே லீவு போட்டான். கூடுதலாக மட்டம் போடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

பிறை தேடுகிற வீட்டில் அந்தத் தட்டு இல்லை, தட்டு இருக்கிற வீட்டில் பிறை தேடுவதில்லை. ஆக, நூர் மாதிரி ஒரு பெண்—

4

அப்போதுதான் ஒலிவியாவின் கடிதம் வந்தது. (மூன்றில் நான் பயந்தது இதைப் படித்த பிறகு.)

'ரொம்ப அழகு! முஸ்லிம்கள் எல்லோரும் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று இப்போது தெரிந்துகொண்டேன். ஒரு சந்தேகம். நூர் சுன்னியா, ஷியாவா? இரண்டு தரப்பும் பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள் என்கிறார் அப்பா. படம் இணைத்திருக்கிறேன்.'

படத்தில் நூர் தலையிலிருந்து கால்வரை கறுப்பு. கிளிப்பச்சை என்று நான் எழுதியிருந்தும் கறுப்பு. சுற்றிலும் மணல். பக்கத்தில் ஓர் ஒட்டகம்.

இந்த இடத்தில் கதாசிரியர் என்ன செய்ய வேண்டும்?

முடிவு ஒன்று: நாளை காய்ச்சல் என்று படுத்துக்கொள்வது.

முடிவு இரண்டு: நூரைக் கொன்றுவிடுவது. (பாவம், அவள் என்ன செய்தாள்?)

முடிவு மூன்று எனக்குப் பிடிக்கவே இல்லை. அதனால் அதைத்தான் செய்தேன். இரண்டு பேரையும் ஒரே காலில் சேர்த்து, கதையை வாசித்து, படத்தையும் அனுப்பினேன்.

(மூன்று பேரும் சேர்ந்தால் பேச்சு ஹிந்தியில்தான். இதையும் தமிழில் போடுகிறேன்.)

"என்னைப் பொண்ணாக்கிட்டியா?" என்றான் காசிம்.

"பாதிதான்."

"எந்தப் பாதி?"

"சாப்பிடற பாதி."

"அப்போ சரி."

ஷபானா சிரிக்கவில்லை. "ஏட்டி, மூணு வருஷமா ஒரே பெஞ்சு. எங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சிருக்க, அவன் வீட்டுத் தட்டுல சாப்பிட்டிருக்க. ஒரு தடவையாச்சும் கேட்டியா? கேட்டா சொல்ல மாட்டேனா?"

ஒலிவியா தப்புத் தப்பாகக் கேட்டாள், ஆனால் கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

"சாரி ஷபானா. இப்ப கேக்கறேன். சொல்றியா?"

அவள் குரல் இறங்கியது. "நபிக்கு அப்புறம் யாரு வழிநடத்தணும்ங்கறதுல பிரிஞ்சது. நாங்க சுன்னி. இவன் ஷியால ஒரு கிளை. குர்ஆன் ஒண்ணு, நபி ஒண்ணு, நோன்பும் ஒண்ணு."

"அஞ்சு வேளைத் தொழுகையை நாங்க மூணு நேரத்துல சேத்துத் தொழுவோம்," என்றான் காசிம்.

"அதான் காலைல அவ்வளவு லேட்டா வர்றியா?" என்றேன்.

"ஏய், ஃபஜர் தொழுகை எல்லாருக்கும் விடியக்காலைலதான்! லேட்டா வர்றது என் சொந்தத் திறமை."

இப்போது ஷபானாவும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பைக் கேட்டுக்கொண்டே காசிம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

"அரே, ஒட்டகம்! வானவடியில டூ-வீலர் நிறுத்தவே இடமில்ல. இத எங்க கட்டுறது?"

"செக்யூரிட்டி பார்க்கிங் ஸ்டிக்கர் கேப்பாரு," என்றாள் ஷபானா. அதன் பிறகு ஐந்து நிமிடம் ஒட்டகத்தைப் பற்றி மட்டும்தான் பேசினோம். அதற்கு லிஃப்டில் இடம் இருக்குமா என்று காசிமுக்குப் பெரிய கவலை.

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் காசிமின் அம்மா பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். போனைப் பிடுங்கி, "பேட்டா, நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. ஷபானா நோன்பு, அதனால ஈத் தட்டை சூரியன் இறங்கி மக்ரிபுக்குத்தான் வைப்பேன். அவ பேரிச்சம்பழம் கடிச்ச பிறகு எல்லாரும் கை வைக்கலாம்," என்றார்.

"அதுவரைக்கும் என் ஈத் பட்டினியா?" என்று காசிம் அலறினான்.

"மதியம் சாப்பிட்டு அஞ்சு மணி நேரம் பொறுத்தா ஒண்ணும் ஆகாது."

சாப்பிட்டு முடித்ததும் ஷபானாவுக்காக மொட்டை மாடிக்குப் போய்ப் பிறை தேடுவது என்று முடிவானது. காலண்டர்க்காரனும் தேடுவானாம். பிறை தெரியும் என்று பந்தயம் வேறு கட்டியிருக்கிறான். தட்டின் படத்தை ஒலிவியாவின் அப்பாவுக்கு அனுப்புவதாக ஷபானா சொல்லியிருக்கிறாள். யார் சுன்னி, யார் ஷியா என்று அவரே கண்டுபிடிக்கட்டுமாம்.

இப்போது மணி ஒன்றே கால். தூங்கப் போனேன். காசிமிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

'தட்டுல எட்டு இடம். எண்ணிப் பாத்தேன், ஏழு பேர்தான். நூரையும் கூட்டிட்டு வா.'

மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கூட்டிக்கொண்டு போகிறேன், கிளிப்பச்சையில். ஒட்டகம் கீழே நிற்கட்டும். ஆனால் நான்தானே அவளைச் செய்தேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நாளை மக்ரிபுக்கு எட்டாவது இடத்தில் உட்கார்ந்து, நாக்கில் உப்பை வைக்கும்போது, நூர் நோன்பு திறக்கிறாளா, பெருநாள் கொண்டாடுகிறாளா?