இரண்டாம் மாடித் திருப்பம்

இரண்டாம் மாடிப் படித் திருப்பத்தில் சவப்பெட்டி சிக்கிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்த நெட்டையன் இடப்பக்கம் இழுத்தான். பின்னால் பிடித்திருந்த கோல்காப்பாளன் வலப்பக்கம் தள்ளினான். பெட்டி சாய்ந்தது. உள்ளே அப்பா நகர்ந்த சத்தம் மேல்படியில் நின்ற மகளுக்குக் கேட்டது.

லிஃப்டில் பெட்டி நுழையாது என்று தெரிந்ததும் அமரர் ஊர்திக்காரர் தன் ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார். அம்மாவும் அதுதான் நல்லது என்றாள். மகள்தான் ஒற்றைக்காலில் நின்று, அப்பாவிடம் பந்தாட்டம் பயின்ற நால்வரைக் கூப்பிட்டாள். முந்தின நாள் நிம்மதியாகத் தூக்கத்தில் போன மனுஷன் இன்று படியில் விழுந்தால் பழி அவள் தலையில்தான்.

அப்பா கால்பந்தில் தடுப்பாட்டக்காரர். ஆடிய காலமெல்லாம் அவர் போட்ட ஒரே கோல் சொந்த வலைக்குள் போனது. அதையும் தலையால் அழகாகப் போட்டதாகச் சொல்லிக்கொள்வார். முட்டி போனதும் பயிற்சியாளரானார். மற்றவர்கள் ஓடக் கற்றுக்கொடுத்தார்கள், இவர் பேசக் கற்றுக்கொடுத்தார். பந்து யாரிடம், பின்னால் வருவது யார், எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு நிற்பவனுக்குக் கோல் கம்பமே மேல் என்பார். வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருமுனைக்குக் கேட்கும். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

அவர் வளர்த்த நால்வரும் இன்று சாவு வீட்டு மரியாதைக்காக வாயே திறக்காமல் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்கு நூலகத்தில் வேலை. குரல் உயர்த்திப் பழக்கமில்லை. இருந்தும் கைப்பிடியில் சாய்ந்து கத்தினாள்.

"அப்பாகிட்ட என்னத்தடா கத்துக்கிட்டீங்க? வாயத் தொறந்து பேசுங்க!"

நெட்டையன் அண்ணாந்து பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"எடது என்கிட்ட. நீ எறக்கு."

"எறக்குறேன். செவுரு வருது, செவுரு."

"பாத்துட்டேன். நீ விடு, நான் வச்சிருக்கேன்."

பெட்டி நேரானது. திருப்பத்தைத் தாண்டி இறங்கியது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, இது சாவு வீடா சந்தைக்கடையா என்று முணுமுணுத்தார். கோல்காப்பாளன் அழுதுகொண்டே கத்தினான். மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பா இருந்திருந்தால் இன்னும் சத்தமாகப் பேசச் சொல்லியிருப்பார்.

அவர்கள் வாசலை நெருங்கும்போது மேலே ஜன்னல் திறந்தது. அம்மா பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கக் குரல் கொடுத்தாள்.

"வாசப்படி ஒடஞ்சிருக்கு! பின்னால வர்றவன் பாத்து வா!"

"பாத்துட்டோம்மா" என்று நால்வரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, அப்பாவை வெயிலுக்குள் கொண்டுபோனார்கள்.