கை நனைக்காத வீடு

"அவளுக்கு என்ன புடிக்கும்?"

பங்காரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மகனைக் கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு நோட்டு விரிந்திருந்தது. வாழைக்காய், பாகற்காய், உளுந்து வடை, பாயசம் என்று வரிசையாக எழுதியிருந்தாள். கடைசி வரி காலி. வருஷத் திதியன்று, இறந்தவருக்குப் பிடித்த பண்டம் ஒன்றையாவது இலையில் வைத்தாக வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம்.

ரவிதேஜா தட்டைப் பார்த்தான். அவனுக்கு முப்பத்தொரு வயது. பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தான். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவான் என்று பெயர். மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எல்லாமே சாப்பிடுவாம்மா."

"கோழிகூட எல்லாமே திங்கும். பேரைச் சொல்லு கண்ணு."

"பால் பாயசம்."

"அது உனக்குப் புடிச்சது."

"மைசூர்பாக்கா இருக்குமோ?" என்றார் அப்பா வேங்கடசாமி, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"அது உங்களுக்குப் புடிச்சது. சக்கரை இருநூத்தம்பது இருக்குது, பேச்சப் பாரு."

சட்னி, பொரியல், புளிக்குழம்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாம் இந்த மூவரில் யாராவது ஒருவருக்குப் பிடித்ததாகவே இருந்தது. அவள் சமைத்ததும் அவற்றைத்தான். டெங்குக் காய்ச்சலில் எட்டே நாளில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் டயட் நர்ஸ் இதே கேள்வியைக் கேட்டபோதும் அவன் "எல்லாமே சாப்பிடுவா" என்றுதான் சொன்னான். பதிலில் மாற்றமில்லாதவன்.

"அவங்கம்மாவக் கேட்டா தெரியும்," என்றான்.

பங்காரம்மா பேனாவை மூடினாள். அந்த வீட்டில் பேச்சு தெலுங்கும் தமிழும் கலந்து ஓடும். கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழ்.

"அவங்கம்மா ஓசூர்ல இருக்கறாங்க. போன் பண்ணிக் கேளு, போ."

ஓசூரில் இருந்தது நரசிம்மலு, பங்காரம்மாவின் சித்தப்பா மகன். கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் தகப்பன் என்று அச்சாகியிருந்தது அவர் பெயர்தான். மணமகளின் பெயர் ஹாரிகா. நிஜப் பெயர் இனியா. நிஜத் தகப்பன் வேலன், தாய் பாவாத்தாள். அன்னூரை அடுத்த காலனியில் குடியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டக் கூலிக்குப் போன குடும்பம். இனியாதான் அதில் முதல் பட்டதாரி.

காதல் இஞ்சினியரிங் கல்லூரி கேன்டீனில் ஆரம்பித்தது. முட்டை பப்ஸை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவனுக்குத் தருவாள். தனக்குப் பசியில்லை என்பாள். அவன் நம்பினான். நம்புவதில் அவனுக்கு இணை கிடையாது.

அந்தக் கல்லூரியில்தான் 'சாதி இனி மெல்லச் சாகும்' என்ற தலைப்பில் பேசி முதல் பரிசு வாங்கினான். கல்லூரிப் பெயர் பொறித்த எவர்சில்வர் டிபன் கேரியர். அந்தப் பேச்சு அவனுக்கு இப்போதும் மனப்பாடம். கேரியர் மட்டும் கல்யாணமான கொஞ்ச நாளில் காணாமல் போய்விட்டது.

கல்யாணத்துக்கு அம்மா மூன்று நிபந்தனை போட்டாள். பெயரை மாற்ற வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் மண்டபத்துக்கு வரக்கூடாது. மூன்றாவது, மகனோ மருமகளோ இனி அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய்ச் சோறு, ஒரு தம்ளர் தண்ணீர், எதுவும்.

"பாத்துட்டு வாங்க, வேண்டாம்னு சொல்லலீங்க. வந்து இங்க சாப்பிட்டுக்குங்க," என்றாள் பங்காரம்மா. பெண்ணிடம் மரியாதையாகத்தான் சொன்னாள். கொங்கு நாட்டில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கும் 'ங்க' போடுவார்கள்.

இனியா அவன் முகத்தைப் பார்த்தாள். முதல் பரிசு வாங்கியவன், "போகப் போகச் சரியாயிரும்," என்றான்.

சரியாகவில்லை. அவள் செத்துப்போன அன்று பாவாத்தாள் இந்தப் போத்தனூர் வீட்டுக்கு வந்து, கேட்டருகே வேலையாட்களோடு நின்றாள். யாரோ ஒருத்தி, "அம்மணி, சும்மாதானே நிக்கறே, வாசலக் கொஞ்சம் கூட்டி உடு. பூவா கெடக்குது பாரு," என்று விளக்குமாற்றை நீட்டினாள். பாவாத்தாள் வாங்கிக் கூட்டினாள். மகளின் மேலிருந்து விழுந்த பூக்களை மூலையில் குவித்தாள். ரவிதேஜா அதைப் பார்த்தான். மயிரிழை விரிசலையும் பார்க்கிற கண். பார்த்துவிட்டு உள்ளே போனான்.

*

ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்குப் போனான். பாவாத்தாள் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து, முந்தானையால் இரண்டு தரம் துடைத்துப் போட்டாள். பிறகு கடைக்கு ஓடி, மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி வந்தாள்.

"கடைத் தண்ணிதானுங்க சார். நாங்க தொறக்கலீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'சார்' என்றுதான் கூப்பிட்டாள். அவன் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முறை வைத்துக் கூப்பிடாமலே மூன்று வருஷம் பேசுவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவனுக்கு இருந்தது.

"புதன்கிழமை திதிங்க. இனியாவுக்கு என்ன சாப்பிடப் புடிக்கும்னு கேக்க வந்தேன்."

பாவாத்தாள் அவனையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

"அரிசியும் பருப்புமுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிசியையும் துவரம் பருப்பையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கிற சோறு. கோவையில் அதைச் சமைக்காத வீடு கிடையாது. "எங்க ஊட்லயே வாரத்துல ரெண்டு நாள் அதுதானுங்களே!"

"செய்வீங்க. அது உங்கூட்டு உப்புங்க சார்." அவள் குரலில் குற்றமில்லை, தகவல்தான் இருந்தது. "அவளுக்குச் சின்னதுலருந்து உப்பு கம்மியா இருக்கோணும். நெய் ஆகாது. ரெண்டு சின்ன வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு ஒரு குண்டாச் சோத்தத் தின்னுபோடுவா."

கல்யாணமான முதல் மாதம் ஒரு ராத்திரி நினைவுக்கு வந்தது. இனியா அரிசியும் பருப்பும் செய்திருந்தாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்ல," என்று தட்டைத் தள்ளினான். அம்மா உப்பு ஜாடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மறுநாளிலிருந்து உப்பு சரியாக இருந்தது.

நிமிர்ந்தவன் கண்ணில் அது பட்டது. சுவரோரம், அடுப்புக்குப் பக்கத்தில், பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்த டிபன் கேரியர். மேல் தட்டில் கல்லூரியின் பெயர். முதல் பரிசு.

பாவாத்தாள் அவன் பார்வையைக் கவனித்துப் பயந்துவிட்டாள். "திருடிட்டு வரலீங்க சார். அவதான் கொண்டாந்து குடுத்தா. புதன்கிழமைக்கு வேணும்னு."

"புதன்கிழமைக்கா?"

"ஊட்டுல சோறு திங்கறதில்லீன்னு உங்க அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டாளாமா. வாக்க மீற மாட்டேன்னுட்டா. 'உங்கூட்லதானம்மா கை நனைக்கக் கூடாது, பஸ் ஸ்டாப்புல நனைக்கலாமில்ல'ன்னா. பொதங்கெழமையான்னா நான் ஆக்கிக்கிட்டுப் பஸ்ஸேறிச் சரவணம்பட்டிக்குப் போயிருவனுங்க. அவ ஆபீஸ் உட்டு வருவா. ஸ்டாப்புல பெஞ்சு இருக்குதுங்க, அதுல உக்காந்து ரெண்டு பேரும் திம்போம். மழை வந்தாத்தான் செரமம்."

"எத்தனை நாளா?"

"அவ இருந்த மூணு வருசமுமுங்க."

புதன்கிழமைகளில் அவளுக்கு மீட்டிங் இருந்தது. அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிட மாட்டாள். டயட்டில் இருக்கிறாள் என்று அவன் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டதோடு நிற்காமல், பிறந்தநாளுக்கு எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிப் பரிசளித்தான். அவள் அதன் மேல் ஏறி நின்று வெகுநேரம் சிரித்தாள். மகிழ்ச்சியில் சிரிக்கிறாள் என்று நினைத்தான்.

பாட்டிலைத் திறக்காமல் கீழே வைத்தான்.

"புதன்கிழமை நீங்க ஆக்கிட்டு வாங்க. இதே கேரியர்ல."

"ஐயோ, வேண்டாங்க சார். உங்க சொந்தக்காரரெல்லாம் வந்திருப்பாங்க."

"அதனாலதான் கூப்பிடறேன்."

"கேட்டுல குடுத்துட்டுப் போயிர்றனுங்க. அதுக்கு மேல கூப்பிடாதீங்க."

*

புதன்கிழமை முப்பது பேர் வந்திருந்தார்கள். பங்காரம்மா, அரிசியும் பருப்பும் என்று கேட்டதும் முகம் மலர்ந்து தானே ஒரு குண்டா செய்து வைத்திருந்தாள். "நம்மூட்டுச் சாப்பாடு அவளுக்குப் புடிச்சுப்போச்சு பாத்தியா," என்று தன் அக்காவிடம் சொன்னாள். அக்கா பல்லடத்தில் கோழிப் பண்ணை வைத்திருப்பவள். வீட்டில் எல்லாருக்கும் அவள் பெத்தம்மா. சுவரில் மாலை போட்ட படம். அடியில் 'ஹாரிகா' என்று தங்க எழுத்து.

ஐயர் தர்ப்பையைக் கொடுத்தார். "போனவா பேர் சொல்லுங்கோ."

"ஹாரிகா," என்று பங்காரம்மா கதவோரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இனியா," என்றான் ரவிதேஜா.

ஐயர் இருவரையும் பார்த்தார். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்கோ. பன்னெண்டு மணிக்கு சிங்காநல்லூர்ல இன்னொரு காரியம் இருக்கு."

"இனியா. அப்பா பேரு வேலன். அம்மா பேரு பாவாத்தாள். அன்னூர் காலனி. ஓசூர் இல்லீங்க."

சொல்லிவிட்டு இடி விழுவதற்குக் காத்திருந்தான். நாலு நாளாகக் கண்ணாடி முன் பழகிய வாக்கியம். அடுத்துப் பேச ஒரு பத்தியும் தயாராக இருந்தது. பழைய பரிசுப் பேச்சிலிருந்து சில வரிகளை எடுத்திருந்தான்.

இடி விழவில்லை. மின்விசிறி சுற்றியது. கேட்டருகே ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"இதென்னடா புதுசாச் சொல்ற மாதிரிச் சொல்றே?" என்றாள் பெத்தம்மா. "கல்யாணத்தன்னிக்கே எங்களுக்குத் தெரியுமே. நரசிம்மலுவுக்கு ரெண்டும் பசங்கதான்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

பங்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "தெரியுமா? எல்லாருக்குமா?"

"பின்னே? தெரிஞ்சுதானே மூணு வருசம் அந்தப் புள்ள கையால வாங்கித் தின்னோம். நல்லாத்தான் ஆக்குனா, குத்தஞ் சொல்லக்கூடாது." பெத்தம்மா மருமகளைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொல்லாத வரைக்கும் ஒண்ணுமில்லடா கண்ணு. இப்ப நாலு பேர் முன்னால சொல்லிப்போட்டயே. இனி இந்த ஊட்ல நாங்க எப்படிச் சாப்பிடறது?"

ரவிதேஜாவுக்கு மனப்பாடம் செய்த பத்தி மறந்துபோயிற்று. இனியா மழையில் ஒரு பஸ் ஸ்டாப்பில் குடைக்குக் கீழே கேரியரை வைத்துச் சாப்பிட்டது, எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றுவதற்காக.

எழுந்து கேட்டுக்குப் போனான். பாவாத்தாள் கேரியரை நீட்டினாள். அவன் கேரியரை வாங்காமல், அதைப் பிடித்திருந்த கையைப் பிடித்தான். "உள்ள வாங்க."

"வேண்டாங்க சார்."

"நான் வண்டியப் பாத்துக்கறேனுங்க," என்றார் வேலன் அவசரமாக. இருபது வருஷத்து டிவிஎஸ். பூட்டு கிடையாது, தேவையும் கிடையாது.

"வண்டிய யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க மாமா. வாங்க."

அவர்கள் படியேறியபோது உள்ளிருந்து ஆட்கள் இறங்கினார்கள். திதி வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு அது எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. பெத்தம்மா மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டே, "நல்லா இரு," என்றாள். வேங்கடசாமி கேட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கூப்பினார். ஐயர் தட்சணையோடு சிங்காநல்லூருக்குப் போனார்.

ஹாலில் முப்பது இலைகள் கிடந்தன. ரவிதேஜா மூன்று இலைகளை மட்டும் பக்கம் பக்கமாக இழுத்துப் போட்டான். படத்தின் முன்னிருந்த இலையில் முதலில் வைத்தான், பிறகு மூவருக்கும். அரிசியும் பருப்பும், உரித்த சின்ன வெங்காயம் இரண்டிரண்டு.

வேலன் சுவரைப் பார்த்துக்கொண்டு குறுகி உட்கார்ந்தார். தங்க எழுத்துப் பெயரை அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த மட்டில் நல்லது.

ரவிதேஜா கையை நனைத்தான். ஒரு வாய் வைத்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் தட்டைத் தள்ளிய அதே ருசி.

"உப்புக் கம்மியா இருக்குதுங்களா சார்?" பாவாத்தாள் இன்னும் தன் இலையைத் தொடவில்லை.

"சரியா இருக்குதுங்க அத்தை. சாப்பிடுங்க."

சமையலறையிலிருந்து பங்காரம்மா வந்தாள். பழக்கத்தில் கை உப்பு ஜாடியை எடுத்து வந்திருந்தது. ஹாலையும் காலி இலைகளையும் பார்த்தாள். யாரையும் பார்க்காமல், "உப்பு வேணுமா?" என்றாள்.

"வேண்டாம்மா," என்றான் ரவிதேஜா. "அவளுக்கு இப்பிடித்தான் புடிக்கும்."