மூன்று விரல் பிடி

மரக்கடைக்காரரின் மனைவி கேட்ட கேள்வி, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகும் நர்சை விடவில்லை. "சிஸ்டர், அவரு உள்ள இருக்காரா? இல்ல, மிஷின் மட்டும்தான் ஓடுதா?"

பலகை அடுக்குக்குள் கையை விட்ட கடைக்காரரை நாகம் கடித்திருந்தது. முதலில் இமை சரிந்தது, அப்புறம் நாக்கு குழறியது, கடைசியில் மூச்சும் நின்றது. விஷமுறிவு மருந்து ஏற்றியாயிற்று. கருவிதான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கிள்ளினாலும் அசைவில்லை. போன வருடம் இப்படி வந்த ஒருவரை நர்ஸ் பறிகொடுத்திருந்தாள்.

கூடத்தில் தங்கை மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். நாக விஷத்திலுள்ள ஒரே ஒரு புரதம், அதன் வடிவம், இதுதான் பல வருடமாக அவள் பிழைப்பு. வீட்டில் அவளுக்குப் 'பாம்பாட்டி' என்றே பெயர்.

"அக்கா, புரதத்தப் படிகமாக்கி எடுத்த படம் வந்துடுச்சு. எவ்ளோ அழகா இருக்குன்னு வந்து பாரேன்."

"அழகுன்னு மட்டும் சொல்லாதடி. அந்த அழகுதான் அங்க ஒருத்தரப் படுக்க வெச்சிருக்கு."

தங்கையின் முகம் சுண்டிப்போனது. கணினியை மூடப்போன கையை அக்காவே பிடித்து நிறுத்தினாள். கோபம் இவள்மேல் இல்லையே. "சரி, காட்டு."

திரையில் ஒரு நாடா மிதந்தது. மடங்கி, திரும்பி, மூன்று வளையங்களாக நீண்டிருந்தது. உள்ளங்கையும் மூன்று விரல்களும் போல. அடிப்பாகத்தில் கந்தக அணுக்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து முடிச்சுப் போட்டிருந்தன. கொதிக்க வைத்தாலும் லேசில் குலையாதாம். ஒரு சுற்று வீண் இல்லை, ஒரு மடிப்பு கூடுதல் இல்லை. தேர்ந்த கை கட்டிய முடிச்சைப் பார்ப்பது போலிருந்தது.

"இது எதையும் உடைக்காதுக்கா. நரம்பு சொல்றதத் தசை கேக்குற வாசல் ஒண்ணு இருக்குல்ல, அதுல இந்த நடு விரலச் சொருகிட்டு உக்காந்துக்கும். அவ்வளவுதான்."

அக்கா பரீட்சைக்குப் படித்து எழுதியதுதான். ஆனால் இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறாள். அவளே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வாய் பிளந்தது. "பாவி, இவ்ளோ லட்சணமா இருந்துட்டு செய்யற வேலையப் பாரு."

தங்கை சிரித்துவிட்டாள்.

"புடிச்ச பிடிய விட்டுடுமா?" அக்கா கேட்டாள்.

"மெதுவா விடும். அது விடற வரைக்கும் மூச்சு குடுக்கறது உங்க வேல. மூளைக்கு ஒண்ணும் ஆகல. பேசறது அவருக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும்."

மறுநாள் பணிக்குப் போனதும் முதல் வேலையாக அந்த மனைவியை உள்ளே அழைத்துவந்தாள்.

"உள்ளதான் இருக்காரும்மா. கதவுதான் அடைச்சிருக்கு. எதாவது பேசுங்க."

அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கணவரின் காதருகே குனிந்தாள். கடைசியில் மனதை அரித்துக்கொண்டிருந்ததே வாயில் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க. நேத்து மழையில தேக்குப் பலகையெல்லாம் மூடாம விட்டுட்டேங்க. நனைஞ்சு போச்சு."

முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை. நர்ஸ் தற்செயலாக நிமிர்ந்தாள். தலைமாட்டுத் திரையில், அதுவரை அகல அகலமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த இதயத் துடிப்பின் பச்சைக் கோடு, நெருங்கி நெருங்கித் துள்ளத் தொடங்கியிருந்தது.